எங்கள் வீட்டு நார்வே ரத்தம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காலண்டர் படம் தொங்கியது. பனி மூடிய மலை, அதன் அடியில் கடல், கரையில் சிவப்பு வர்ணம் அடித்த ஒரு மரவீடு. தேதித்தாள் எல்லாம் கிழித்து முடித்துப் பல வருஷம் ஆன பிறகும் அப்பா அதை இறக்கவில்லை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு யார் வந்தாலும், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்தப் படத்தைக் காட்டிவிடுவார். “அதுதான் எங்க பூர்வீகம். நார்வே.” அது நார்வேயா, காஷ்மீரா, சிவகாசியில் யாரோ உட்கார்ந்து வரைந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கதை இதுதான். அப்பாவுடைய தாத்தாவின் அப்பா நார்வேக்காரர். கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தவர். வெள்ளைக்காரப் பட்டாளம் பூந்தமல்லியில் இருந்த காலத்தில் அங்கே மரவேலை காண்ட்ராக்ட் எடுத்தவர். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். இதற்குச் சாட்சியாக எங்கள் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் ஒரு நார்வேப் பெயர் வாலாட்டிக்கொண்டிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது. எந்த டீச்சர் வாயிலும் நுழையவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்த இடம் வந்ததும் இருமுவார்கள், மொத்த வகுப்பும் சிரிக்கும், நான் எழுந்து நிற்பேன்.

சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் கறுப்பு. நல்ல கறுப்பு. அப்பாவுக்குக் கொஞ்சம் சிவந்த தோல், பூனைக் கண். அதை வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை ஆட்டம் ஆடினார். “நார்வே உங்கப்பாவோட நின்னுபோச்சா?” என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அப்பா அசரவில்லை. “ரத்தம் ஒரு தலைமுறை ஒளிஞ்சிருக்கும், அடுத்ததுல வெளிய வரும்” என்றார். அதாவது நான் ஒன்றுமில்லை, எனக்குப் பிறக்கப்போவதுதான் கணக்கு. பத்து வயசுப் பெண்ணிடம் இப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது?

பேச்சுக்கும் சட்டம் உண்டு. வீட்டில் ‘கீது’ என்று சொல்லக்கூடாது, ‘இருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இன்னா’ கூடாது, ‘ஊடு’ கூடாது. அதெல்லாம் சேரி பாஷையாம். விளையாடிவிட்டு வந்து வாய்தவறிச் சொல்லிவிட்டால் புறங்கையில் மரஸ்கேல் விழும், அதுவும் பட்டையாக இல்லை, விளிம்பால். அப்பா பக்கத்து உறவு என்று ஒரு ஈ காக்காய் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. பூந்தமல்லி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்டால் அதற்கும் அதே படத்தைத்தான் காட்டுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கப் பட்டறையில் ஒருவர் லேத் ஓட்டினார். கரையான்சாவடிக்காரர். எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம், அதே சபை. கட்டிக்கொண்டால் இவரைத்தான் என்று முடிவு செய்துவிட்டு, நானே போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா இரண்டு நாள் விசாரித்துவிட்டு வந்து குதித்தார்.

“கிறிஸ்தவன்னா போதுமா? எந்த இடம்னு கேட்டியாடி? சேரி! நார்வே ரத்தத்தைக் கொண்டுபோய் அங்க ஊத்தப் போறியா?”

“எந்த நார்வே? யார் பார்த்தா?”

“பூந்தமல்லி பழைய கோயில்ல ஞானஸ்நான புக்கு இருக்கு. போய்ப் பாரு. பாத்துட்டு வந்து பேசு!”

நான் போகமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னார். நானா போகாதவள்? அடுத்த சனிக்கிழமையே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். முன்னோர் மேல் பாசம் பொங்கியெல்லாம் போகவில்லை. என் கல்யாணத்தின் குறுக்கே படுத்துக்கிடக்கும் அந்த வெள்ளைக்காரன் யார் என்று பார்க்கப் போனேன்.

அந்தக் கோயில் பாஸ்டர் என் பெயரை முழுசாகக் கேட்டதுமே பீரோவைத் திறந்தார். துணி அட்டை போட்ட பெரிய புத்தகம், தொட்டால் பொடி உதிர்ந்தது. எந்தப் பக்கம் என்று தேடக்கூட இல்லை, நேராகப் பிரித்து வைத்தார். சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து. குழந்தையின் பெயர், எங்கள் வால் பெயரோடு. தகப்பன் பெயர், தாய் பெயர், இரண்டும் நம்மூர்ப் பெயர்கள். தகப்பன் தொழில், பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் அறுப்பது. குடியிருப்பு, சேரி. நார்வேக்காரரும் இருந்தார். கடைசிக் கட்டத்தில், ஞானத்தகப்பன் என்ற இடத்தில்.

“தகப்பன் இல்லம்மா. ஞானத்தகப்பன்” என்று பாஸ்டர் பொறுமையாகச் சொன்னார். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகச் சாட்சி நின்று வாக்குக் கொடுப்பவர்தான் ஞானத்தகப்பன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் யாராவது சாட்சி நின்றால், மரியாதைக்கு அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்களாம். அந்த நார்வேக்காரர் நல்ல மனுஷன் போலிருக்கிறது. சேரிப் பிள்ளைகளுக்குச் சாட்சி நிற்க வேறு ஆள் வராதபோது இவர் வந்து நின்றிருக்கிறார். அந்தப் பக்கம் முழுக்க, கீழே கீழே, குழந்தைக்குக் குழந்தை அதே பெயர். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருந்ததெல்லாம் தலையில் தெளித்த தண்ணீர்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புதான் வந்தது. அடுத்து பாஸ்டர் சொன்னதில்தான் அது செத்தது. “போன வருஷம் உங்க அப்பாவும் வந்தாரே. இதே பக்கத்தைத்தான் பார்த்தார். வீட்ல சொல்லலையா?”

திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். தெரியாமல் பெருமை பேசினால் முட்டாள் என்று விட்டுவிடலாம். இந்த மனுஷன் பார்த்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் படித்திருக்கிறார். படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் படத்தில் தூசி தட்டியிருக்கிறார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கரையான்சாவடியில் இறங்கினேன். அவருடைய அம்மா மெயின் ரோட்டில் பூக்கடை வைத்திருந்தார். பார்த்ததையெல்லாம் கொட்டினேன், அந்தப் பெயரையும் சொன்னேன். தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அட, அந்தப் பேரா கண்ணு? எங்க ஊட்லயும் அதான் இருந்திச்சி. எங்க மாமனாருதான், வாய்ல நொழையாத பேரு நமக்கு இன்னாத்துக்குன்னு தூக்கிக் கடாசிட்டாரு. பூந்தமல்லில எங்க பழைய தெருவுல பாதிப் பேருக்கு அதே பேருதான்!”

அங்கே தூக்கிக் கடாசிய ஒன்றைத்தான் எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவை நிற்க வைத்துக் கேட்டேன். “தெரியுமா, தெரியாதா?”

“கத்தாத. பக்கத்துல கேக்கும்.”

“கேக்கட்டும்! தெரியுமா, தெரியாதா?”

அவர் உட்கார்ந்தார். “தெரியும். அந்த புக்கைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரியும்” என்றார். கல்யாணமான புதுசில் அம்பத்தூரில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார். எல்லா வீட்டுக்காரனும் நன்றாகத்தான் பேசுவானாம். கடைசியில், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்பானாம். “ஒரு இடத்துல இந்தப் பேரைச் சொன்னேன். ஆங்கிலோ இந்தியனா சார்னு கேட்டுட்டு சாவியை எடுத்து நீட்டினான். அதுக்கப்புறம் யாரும் அடுத்த கேள்வி கேக்கல பாப்பா.”

எனக்கு வயிறு எரிந்தது. அவருக்காகவும்தான் எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த வீட்டுக்காரன்கள் நாசமாய்ப் போகட்டும், அவர்களிடம் ஆயிரம் பொய் சொல்லலாம். ஆனால் என்னிடமும் அதையே சொல்ல, நான் எந்த வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரி?

“அவன் கேட்டான், பொய் சொன்னீங்க. சரி. நான் எப்ப கேட்டேன்? இப்ப என்ன ஆளுங்கன்னு அவர் வீட்டைப் பார்த்துக் கேக்கறது யாரு? நீங்கதானே!”

“நான் கஷ்டப்பட்டு ஏறி வந்துட்டேன். நீ எதுக்கு இறங்கற?”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நான் ஆவடியில் எங்கள் கோயில் பாஸ்டரிடம் போய்க் கல்யாண ஓலைக்கு எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயரைப் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். அதுதான் ஓலை. என் பெயரை எழுதும்போது வாலை வெட்டிவிட்டேன். அப்பா முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார். மகன் பேரைப் பெண் வீட்டுக் கோயிலில் படிப்பதைக் கேட்க வேண்டும் என்று அத்தையும் அன்றைக்கு வந்திருந்தார், தலை நிறையப் பூவோடு.

பாஸ்டர் படித்தார். தடை உண்டா என்று கேட்டார். அப்பா எழுந்தார்.

“எம் பொண்ணு பேரு முழுசா இல்லைங்க ஐயா. எங்க குடும்பப் பேரு விட்டுப்போயிருக்கு. அதைச் சேர்த்துப் படிக்கணும்.”

கல்யாணத்தை எதிர்க்கிறேன் என்று நேராகச் சொல்லத் துப்பில்லை. நாங்கள் யார், அவர்கள் யார் என்று ஊருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்தேன். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்டின்னா எம் பையன் பேருலயும் சேத்துப் படிங்க பாஸ்டரய்யா. எங்களுக்கும் அதே பேருதான்.”

கோயில் மொத்தமும் திரும்பியது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். “ஐயா, ரெண்டு பக்கமும் ஒரே குடும்பப் பேருன்னா பங்காளியாச்சே? அண்ணன் தங்கச்சி முறை வருதே? எப்படிக் கட்டி வைக்கறது?”

பாஸ்டர் ஓலையை மடக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார். “நீங்கதான் சொல்லணும். இந்தப் பேர் உங்களுக்கு எப்படி வந்தது? வம்சத்துப் பேரா?”

வம்சம் என்றால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். அவருக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் கரையான்சாவடிப் பூக்கடைக்காரி அவருக்குச் சொந்தப் பங்காளி வீட்டு மருமகளாகிவிடுவார். வம்சம் இல்லை என்றால் நார்வே போச்சு. அப்பா முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. சொல்லட்டும், இன்றைக்கு இவர் வாயால் சொல்லட்டும் என்று வைராக்கியமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“ரத்தம்லாம் இல்ல ஐயா” என்றார். “ஞானத்தகப்பன் பேரு. எங்க தெருவுக்கே அவருதான் ஞானத்தகப்பன். பூந்தமல்லி புக்குல கீது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாஸ்டர், தடை இல்லை என்று அறிவித்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. ஸ்கேல் ஒன்று கிடைத்திருந்தால், போய் அவர் கையைப் பிடித்து விளிம்பால் ஒன்று போட்டிருப்பேன்.