காற்றில் போட்ட மொட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கிய அன்றே, திருத்தணியில் மொட்டை போடுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். மருந்து முந்திக்கொண்டு முடியை எல்லாம் கொட்டிவிட்டது. வேண்டுதலை விட மனமில்லாமல், கூட்டமில்லாத ஒரு மதியம் மலையேறினோம்.

முடி எடுப்பவருக்குத் தோள்வரை சுருட்டை முடி. உட்காரும் தலையை எல்லாம் இளநீர் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தட்டுவார். மகளின் தொப்பியைக் கழற்றியதும் அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"கத்தி படக் கூடாதுங்க. கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு ரத்தத்துல ரொம்பக் கொறஞ்சிருக்கு. சின்னக் கீறல்கூட ஆபத்து" என்றேன்.

"ஆங்" என்றவர், துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று காற்றில் சிரைக்கத் தொடங்கினார்.

"தலைய ஆட்டிகினே இருக்காத கண்ணு!" என்று அதட்டல் வேறு.

பல நாளாகச் சிடுசிடுத்தே கிடந்த மகள் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ முடி?"

"எனக்கு மொட்ட போட ஆள் கெடைக்கலியே!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முடிந்ததென்று எழுந்தோம். "இருங்க சார், காதாண்ட கொஞ்சம் விட்டுப்போச்சு" என்று அவளை மறுபடி உட்காரவைத்து, அதையும் பொறுமையாக வழித்தார்.

மகள் பிழைத்தாள், இரட்டைப் பின்னலும் போட்டாள். அன்று அவள் காதருகே அவருக்கு என்ன தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.