கை கலக்காத கைகலப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நான் தனியாக நடத்திய முதல் வழக்கு ஓர் ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. அஃப்ரே. ஆங்கிலம் பேசுகிறவர்களே அன்றாடப் பேச்சில் கைவிட்டுவிட்ட சொல். சட்டத்தில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் உட்கார்ந்திருக்கிறது. பொது இடத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ சண்டையிட்டு அமைதியைக் கெடுத்தால் அது அஃப்ரே.

அந்தக் குற்றச்சாட்டோடு என்னிடம் வந்த பெண், ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு நிறுத்தத்தில் நின்றவரின் கால்மீது ஓர் ஆள் பைக்கை ஏற்றிவிட்டார். "கண்ணு தெரியலையா?" என்று கேட்டதற்குக் கன்னத்தில் இரண்டு அறை. கூட்டம் கூடியது, போக்குவரத்து நின்றது, போலீஸ் வந்தது. இரண்டு பேர் மேலும் ஒரே வழக்கு.

கூட வந்திருந்த கணவர் சொன்னார்: "சின்னக் கேஸுதானம்மா. ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிட்டுப் போயிருவோம்."

நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருந்தேன். அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"என்னத்த ஒத்துக்கிட? நான் எங்க சண்டை போட்டேன் வக்கீலம்மா? நின்னேன். அடிச்சான். அம்புட்டுதான்."

அன்று என் ஊரான ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னதே காதில் இருந்தது. வீட்டுக்கு வந்து சட்ட நூலையும் தடித்த அகராதியையும் விரித்தேன். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லாம். அமைதியைக் குலைப்பது, அச்சுறுத்துவது என்பதெல்லாம் அதன் மூலப் பொருள். பயந்துபோனவரைக் குறிக்கும் அஃப்ரெய்டு என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புகளிலேயே படித்த சொல்லுக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் எனக்குப் பிடி கிடைத்தது சட்ட நூலில்தான். அடிப்பவரும் அடிபடுபவரும் இருந்தால் போதாது. இருவரும் சண்டையிட்டிருக்க வேண்டும்.

விசாரணையில், நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் போலீஸ் தரப்புச் சாட்சி. "அந்தம்மாவும் தூக்குச்சட்டிய ஓங்குச்சு" என்று சொல்லிவிட்டார். வழக்கே அந்த ஒரு வரியில்தான் நின்றது. நான் எழுந்தேன்.

"சட்டியில இருந்த கொழம்பு கொட்டுச்சா?"

"கொட்டுச்சு. ரோடெல்லாம் கொழம்பு."

"யார் மேல பட்டுச்சு?"

"அந்தம்மா சேலை மேலதான். தோள்ல இருந்து கால் வரைக்கும்."

"அவர் சட்டையில?"

டீக்கடைக்காரர் யோசித்தார். "இல்லீங்க. அவரு வெள்ளைச் சட்டைல்ல போட்டிருந்தாரு, பட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்." பிறகு குரலை இறக்கி, "ஓங்கலன்னுதான் நினைக்கேன். சட்டிய வச்சு மூஞ்சிய மறைச்சிருக்கு" என்றார்.

வாதத்தின்போது அகராதியைத் தொடவில்லை. தமிழிலேயே சொன்னேன்: "இதற்கு நம்மிடம் கைகலப்பு என்ற சொல் இருக்கிறது. கலப்பதற்கு இரண்டு தரப்புக் கையும் வேண்டும். இங்கே வந்தது ஒருவர் கை மட்டும்." நடுவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் தீர்ப்பு. குற்றம் நிரூபணமாகவில்லை என்று இருவரும் விடுதலை.

வராந்தாவில் அந்தப் பெண் என்னை மடக்கினார். "அவனும்ல போறான்?"

"இது சண்டைக் கேஸ். சண்டையே நடக்கலைன்னா அவர் மேலயும் நிக்காது. அடிச்சதுக்குத் தனியாப் போடணும்."

"அப்பப் போடுங்க."

போட்டோம். சம்மன் போன மறுவாரம் அந்த ஆள் என் அலுவலகத்துக்கு வந்து சமாதானம் பேசினார். பெண்ணுக்குப் போன் செய்தேன். மில்லின் இரைச்சலுக்கு நடுவே, "அடிச்ச எடத்துல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றார்.

ஒரு காலைவேளையில் அதே நிறுத்தத்தில் கூடினோம். பஸ்ஸுக்கு நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்: "அன்னிக்கி நடந்த சண்டையில தெரியாம..."

"சண்டைன்னு சொல்லாதீக" என்றார் அந்தப் பெண். "அடிச்சேன்னு சொல்லுங்க."

அந்த ஆள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அடிச்சேன். தப்புதான். மன்னிச்சிருங்க."

"சரி" என்றார் அந்தப் பெண். ராஜபாளையம் பஸ் வந்துவிட்டது. எனக்குத் தலையசைத்துவிட்டு முன்படியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். வழக்கை முடித்துக்கொள்ளும் மனுவை அன்று மதியமே தாக்கல் செய்தேன்.