மிஞ்சிய ரோல்ஸ்

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்தபோது, அங்கே கண்டீன் நடத்திய அம்மா ஒட்டி உலர்ந்தவர். விற்காமல் மிஞ்சும், எண்ணெயில் பொரித்த ரோல்ஸையெல்லாம் பேப்பரில் சுற்றி, அங்கேயே எட்டாம் வகுப்பில் படித்த தன் மகளுக்குக் கொடுப்பார்.

ஒருநாள் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் எடையை நிறுத்துப் பார்த்த நர்ஸ் அவரைக் கூப்பிட்டு, "மகளுக்கு நிறை ரொம்பக் கூட. இப்பவே குறைக்காட்டி சின்ன வயசுலயே சீனி வியாதி வந்திரும்" என்றார்.

அன்று அந்த அம்மா என்னிடம் வந்து அழுதார். "நான் பட்டினியில வளந்தவ டீச்சர். அது அவளுக்கு வேணாம்னுதான் குடுத்தேன். நானே புள்ளைய கெடுத்துட்டேனே."

மறுநாளிலிருந்து கண்டீனில் அவித்த கடலையும் வாழைப்பழமும் மட்டுமே இருந்தன. பிள்ளைகள் ரோல்ஸ் வாங்கப் பாடசாலைக் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு ஓடினார்கள். அவர் கேட்டருகே நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கெஞ்சினார். யாரும் நிற்கவில்லை.

மூன்றாவது வாரம், அந்தக் கடைக்குப் பின்னால் ஒளிந்து மகள் ரோல்ஸ் தின்பதை நாங்கள் இருவரும் கண்டோம். நான் அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டீச்சர். பசியோட திங்குது. தின்னு முடிக்கட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று நான் கூப்பிட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.