பாண்ட் குழு ஹாலுக்குள் வந்த குளிர்காலம்

1. முதல் நாள் திறப்பு

வேலைக்குப் போன முதல் நாள், நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன்னரே பௌல் என் கையில் ஒரு திறப்புக் கோர்வையை, அதாவது சாவிக்கொத்தை, வைத்தார். அந்த விளையாட்டு மண்டபத்தின் பொறுப்பாளர் அவர். டேனிஷில் ஹால்இன்ஸ்பெக்டர் என்பார்கள். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சிறிய ஊர். எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அகதியாக வந்து, மொழிப் பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறிப் படித்து, கொம்யூன் என்கிற நகரசபை தந்த தற்காலிக வேலைக்குப் போயிருந்தேன்.

"இது முன்கதவு, இது ஸ்டோர், இது மெயின் சுவிட்ச் அறை. பின்னேரம் நான் வரமாட்டன். நீயே பூட்டிப்போட்டுப் போ" என்றார் பௌல்.

என்னைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன தெரியும்? பெயர்கூட முழுதாகத் தெரியாது. யேசுதாசன் என்பது வாயில் நுழையாமல் அன்றைக்கே தாஸ் என்று சுருக்கிவிட்டார். அப்படிப்பட்டவர் ஒரு கட்டடத்தையே என்னிடம் தந்துவிட்டுப் போகிறார். நான் இயல்பிலேயே சந்தேகம் பிடித்தவன். போதாததற்கு, வழிநெடுகச் சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி வந்தவன். சும்மா ஒருத்தன் திறப்புத் தருவானா?

அறைக்குத் திரும்பியதும் கூடத் தங்கியிருந்த செபமாலை அண்ணையிடம் சொன்னேன். மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எனக்கு முன்னரே வந்தவர் என்பதால் டென்மார்க்கைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

"முதல் நாளே திறப்பைத் தந்திட்டானோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப கவனம் தம்பி. ஏதும் காணாமல் போனால் ஆரைப் பிடிக்கிறதெண்டு இப்பவே முடிவெடுத்திட்டாங்கள்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. வேலையை நிரந்தரமாக்குவது பௌலின் சொல்லில் இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவி மேரியைத் தைரியமாகக் கூப்பிட்டு ஒரு வீடு எடுத்து வைத்திருக்கலாம். ஆகவே அந்த ஹாலில் ஒரு பந்து தொலைந்தாலும் தொலைவது என் குடும்பம் என்றுதான் நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

2. கறுப்புத் துணி

குளிர் தொடங்கியதும் ஊரின் பாண்ட் குழு ஹாலுக்கு வந்தது. டிரம், புல்லாங்குழல், சிவப்புச் சட்டை, உயரத் தொப்பி. கோடை முழுக்க அவர்கள் வீதியில் மார்ச் பண்ணுவார்கள். குளிருக்கு வீதியும் இல்லை, வேடிக்கை பார்க்க ஆட்களும் இல்லை. அதனால் அந்த வருடம் முதன்முறையாக ஹாலுக்குள் ஒரு ஷோ செய்யத் தீர்மானித்திருந்தார்கள். குழுவின் தலைவி கிர்ஸ்டன், தபால் கந்தோரில் வேலை செய்பவர். பேசும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோலத்தான் பேசுவார்.

அவர் செய்த முதல் வேலை, எல்லா யன்னல்களிலும் கறுப்புத் துணியைக் கட்டியது. இரண்டாவது, கதவை உள்ளேயிருந்து பூட்டியது. சீருடை போட்டவர்கள், கையில் தடி, யன்னலில் கறுப்புத் துணி. நான் கூட்டுகிற தும்புத்தடியோடு மூலையில் நின்று, வெளியே போக எந்தக் கதவு கிட்ட என்று பார்த்துக்கொண்டேன்.

பௌலுக்கு இருந்த ஒரே கவலை தளம். லாடம் அடித்த சப்பாத்தோடு மரத்தளத்தில் ஏறக்கூடாது என்று கையை விரித்து மறித்தார். கடைசியில் எல்லாரும் சப்பாத்துக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு மார்ச் பண்ணினார்கள். மேலே இடி முழக்கம், கீழே பூனை நடை. சிரிப்பை அடக்க நான் ஸ்டோருக்குள் போக வேண்டியிருந்தது.

வீதி மார்ச்சுக்கும் ஹால் மார்ச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கேதான் கற்றேன். வீதியில் பார்ப்பவன் பக்கத்தில் நிற்பான். அவனுக்குத் தெரிவது ஓர வரிசை மட்டும். ஹாலில் ஆட்கள் கலரி என்கிற மேல்மாடத்தில் இருந்து கீழே பார்ப்பார்கள். வரிசை வளைந்தாலும், ஒரு பிள்ளை பிந்தினாலும் முழுப் படமும் கெட்டுவிடும். அதனால் கிர்ஸ்டன் தளம் முழுக்கக் கலர் டேப் ஒட்டினார். டிரம்முக்குச் சிவப்பு, புல்லாங்குழலுக்கு மஞ்சள், திரும்பும் இடங்களுக்கு அம்புக்குறி. "டேப்பை மட்டும் தொடாதை" என்று பௌல் எனக்கு உத்தரவு போட்டார். நானும் தளம் துடைக்கும் மெஷினை அவற்றில் படாமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

ஷோவின் தொடக்கம் எனக்கே பிடித்திருந்தது. முழு ஹாலும் இருட்டாக வேண்டும். இருட்டில் ஒரு டிரம் மட்டும் அடிக்கும். பிறகு வெளிச்சம் வர, நான்கு மூலைகளிலிருந்தும் வரிசைகள் கிளம்பி, நடுவில் காற்றாலைபோலச் சுழலும். மெயின் சுவிட்ச் என் பொறுப்பு.

"ஏன் இவ்வளவு ஒளிப்பு?" என்று ஒருநாள் கிர்ஸ்டனைக் கேட்டேன்.

"வெளியில அடிச்சால் ஊருக்கே தெரியும், ஒளிக்க ஏலாது. உள்ளுக்கை எண்டால் ஒளிக்கலாம். பக்கத்து ஊர்க் குழுவும் இந்த வின்டர் ஷோ செய்யுது. அவையளுக்கு ஒரு சொட்டும் தெரியக்கூடாது" என்றார்.

டேனிஷ்காரருக்கும் சந்தேகம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

3. காற்றாலை களவு போனது

எங்கள் ஷோவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் பக்கத்து ஊர்க் குழு தன் ஷோவை நடத்தியது. கிர்ஸ்டனும் பௌலும் பார்க்கப் போனார்கள். அடுத்த நாள் காலை கோப்பி மேசைக்கு வந்தபோது இருவர் முகத்திலும் களையில்லை.

"நாலு மூலை, நடுவில காற்றாலை. அப்படியே எங்கடை" என்றார் கிர்ஸ்டன். "மூண்டு பேரிட்டத்தான் திறப்பு இருக்கு. பௌல், நான்..."

மூன்றாவது பெயரை அவர் சொல்லவில்லை. கோப்பிக் குவளையைப் பார்த்தார். சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

அவர் போனபின் பௌல் எனக்குக் கோப்பி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "இந்த ரெண்டு கிழமைக்குத் திறப்பை என்னட்டைத் தா, தாஸ். வித்தியாசமா நினைக்காதை" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். வித்தியாசமாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? வேலை போயிற்று, மேரி வரப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

"நான் சொன்னன்தானே?" என்றார் செபமாலை அண்ணை. அவருக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது.

4. வியாழக்கிழமை ஆள்

சந்தேகப்பட்டே பழகியவனை மற்றவர்கள் சந்தேகப்பட்டால், அவன் சும்மா இருக்கமாட்டான். நான் எல்லாரையும் கவனிக்கத் தொடங்கினேன். டிரம் அடிப்பவர்களை, பந்து விளையாடுபவர்களை, பால்காரனை. பௌலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பக்கத்து ஊர் ஷோவில விளக்கை அணைச்சவையோ?"

"இல்லையே. தொடக்கத்திலிருந்து எல்லா விளக்கும் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது."

"இருட்டில ஒற்றை டிரம்?"

"அதுவும் இல்லை."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. விளக்கை அணைப்பவனே நான். நான் காட்டிக் கொடுத்திருந்தால் முதலில் அதைத்தானே சொல்லியிருப்பேன்? போனது நடை மட்டும். இருட்டும் போகவில்லை, டிரம் அடியும் போகவில்லை. ஆகவே களவெடுத்தவன் ஒத்திகையைப் பார்க்காதவன். பிறகு எதைப் பார்த்தான்?

வியாழக்கிழமைகளில் ஒரு பட்மின்டன் குழு வரும். அதில் ஹெனிங் என்று உயரமான ஒருவர். அன்று மற்றவர்களுக்கு முன்னரே வந்துவிட்டார். நான் ஸ்டோர்க் கதவு இடுக்கால் பார்த்தேன். அவர் கையில் மட்டையைக் காணோம். முதுகை நிமிர்த்தி, இடது காலை முதலில் வைத்து, மஞ்சள் டேப்பின்மேல் நடந்தார். அம்புக்குறி வந்ததும் குதிக்காலில் சுற்றித் திரும்பினார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

பட்மின்டன் விளையாட வருபவன் எங்கேயாவது கோட்டின்மேல் மார்ச் பண்ணுவானா? தும்புத்தடியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன்.

"நீங்கள் எந்த பாண்ட்?" என்று என் உடைந்த டேனிஷில் கேட்டேன்.

மனிதர் திடுக்கிடவில்லை. சிரித்தார். "பக்கத்து ஊர். முன்னுக்குக் கோல் பிடிச்சுக்கொண்டு போறவன் நான்தான்."

"எங்கடை ஷோவை நீங்களோ எடுத்தது?"

"நான் எங்கை எடுத்தன்? நிலத்தில எழுதியெல்லோ வைச்சிருக்கு! வியாழனுக்கு வியாழன் இதுக்கு மேல நிண்டுதான் விளையாடுறன். கண்ணைக் கட்டிக்கொண்டோ விளையாடுறது?"

நான் கீழே பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், அம்புக்குறி. மெஷினைப் படாமல் ஓட்டி ஓட்டி நானே பளபளவென்று காப்பாற்றி வைத்திருந்த முழுத் திட்டம். வீதியில் மார்ச் பண்ணிப் பழகியவர்கள் இவர்கள்; அவர்கள் போனபின் வீதியில் ஒரு அடையாளமும் மிஞ்சாது. அந்தப் பழக்கத்தில் ஹாலின் தளத்தையும் வீதி என்று நினைத்துவிட்டார்கள்.

"இதுக்கு என்னைச் சந்தேகப்பட்டுத் திறப்பைப் பறிச்சிட்டினம்" என்றேன்.

ஹெனிங்கின் சிரிப்பு நின்றுவிட்டது. "உன்னையோ? சீச்சீ. இப்பவே கிர்ஸ்டனுக்குச் சொல்லுறன்" என்று ஒஃபிஸ் தொலைபேசியை எடுத்தார். உண்மையாகவே அவருக்குத்தான் எடுக்கிறாரா என்று நான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். அவருக்குத்தான் எடுத்தார்.

5. சுவிட்ச் அறை

கிர்ஸ்டன் வந்து, தளத்தைப் பார்த்து, அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "யன்னலெல்லாம் மூடினனே" என்றார். என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த நாள் பெரிய கிரீம் கேக்கோடு வந்து முதல் துண்டை எனக்கு வெட்டித் தந்தார். இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

காற்றாலை கைவிடப்பட்டது. இருட்டும் ஒற்றை டிரம்மும் மட்டும் அப்படியே இருந்தன. புது நடையை, தளத்தில் ஏற்கனவே கிடந்த விளையாட்டுக் கோடுகளை அடையாளமாக வைத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கும் ஒரு வேலை தந்தார் கிர்ஸ்டன்.

"பழைய டேப்பைக் கழட்டாதை, தாஸ். அம்புகளை மட்டும் உன்ரை விருப்பத்துக்கு மாத்தி ஒட்டு."

ஒட்டினேன். என் அம்புகளை நம்பி ஒரு குழு மார்ச் பண்ணியிருந்தால் நேரே குளியலறைக்குள் போயிருக்கும். அடுத்த வியாழன் ஹெனிங் அதைப் பின்பற்றி நடந்து, குளியலறைக் கதவில் முட்டி நின்று, திரும்பி எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

ஷோ அன்று கலரி நிறைந்திருந்தது. தொடங்குவதற்குச் சற்று முன்னர் பௌல் என் திறப்புக் கோர்வையைத் திருப்பித் தந்தார். கிர்ஸ்டனும் வந்து தன் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இதையும் நீயே வைச்சிரு."

சுவிட்ச் அறையில் தனியே நின்று மெயின் சுவிட்சின் பிடியை இழுத்தேன். ஹால் முழுதும் இருண்டது. அந்த இருட்டில் முதல் அடி விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் தெரியவில்லை.

இளம் பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது நான் சொல்வது இதுதான்: ரகசியம் ஏதாவது வெளியே போய்விட்டால், திறப்பு யாரிடம் இருந்தது என்று தேடாதே. எது போனது, எது போகவில்லை என்று பார். கதவைப் பூட்டுமுன் நிலத்தையும் ஒருமுறை பார். பின்னாளில் நானே அந்த ஹாலின் பொறுப்பாளரானேன். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே திறப்பைக் கொடுத்தேன். பிறகு ஒரு மாதம் கதவு இடுக்கால் கவனித்தேன். சுபாவத்தை என்ன செய்வது?

வசந்தத்தில் வேலை நிரந்தரமாயிற்று. அதன்பின் மேரியும் வந்து சேர்ந்தாள். முதல் கிழமையே ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைப் பெருமையாகக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பௌல் கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இவ்வளவத்தையும் உங்களிட்ட நம்பித் தந்தவையோ? கவனமப்பா. என்ன நோக்கமோ தெரியேல்லை."