கூப்பிட்டால் திரும்பாத என் மகள்

எல்லையம்மன் தாயை நம்பிக் கும்பிடுற எல்லாருக்கும் மஞ்சுளா சொல்லிக்கிறது. எங்க வூடு ஒரகடம் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி. நானும் வூட்டுக்காரரும் கார் சாமான் செய்யற கம்பெனியில வேலை செய்யறோம். போன ஆடி மாசம் நாங்க பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

என் மக பூஜாவுக்கு ஆறு வயசு. வலது காதுல சீழ் வடிஞ்சுக்கினே இருந்துச்சு. செவிப்பறையில ஓட்டைன்னு ஆபரேஷன் பண்ணாங்க. இடது காதும் கொஞ்சம் மந்தம்தான். தலையில தண்ணி படக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது, ஓடக் கூடாதுன்னு சொல்லி, கட்டோட அனுப்பினாங்க. நான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன்.

ஒரு நாள் நல்ல உச்சி வெயில். தெருவுல ஈ காக்கா இல்லை. வூட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தாரு. படுத்திருந்த புள்ள எழுந்து உக்காந்து, "அம்மா, யாரோ என்னைக் கூப்பிடுறாங்க"ன்னா. வெளிய போய்ப் பாத்தேன், யாருமில்லை. மறுநாளும் அதே நேரம், அதே பேச்சு.

"இன்னான்னு கூப்பிடுறாங்க?"

"பூஜா, பூஜான்னு. ஏரிப் பக்கத்துலேர்ந்து."

எங்க பக்கம் உச்சி நேரத்துல ஆள் தெரியாம பேர் சொல்லிக் கூப்பிட்டா, 'ஏன்'னு கேக்க மாட்டோம். கேட்டா காத்து கருப்பு கூட்டிக்கினு போயிடும்னு பயம். "முகம் தெரியாம யார் கூப்பிட்டாலும் வாயத் திறக்காத, திரும்பாத"ன்னு புள்ளகிட்ட சத்தியம் வாங்கினேன். வாசல்ல வேப்பிலை சொருகினேன்.

அடுத்து விழுந்துச்சு பெரிய இடி. பின்னாலேர்ந்து கூப்பிட்டா புள்ள திரும்பலை. கத்திப் பாத்தேன். முன்னாடி போய் நின்னா மட்டும் பதில் சொன்னா. என் வாயசைவைப் பாத்துப் பேசுறா, ரெண்டு காதும் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். கட்டு பிரிக்கட்டும், பாத்துக்கலாம்னாரு வூட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கலை. உச்சி நேரமானா, அவளை யாரோ கூப்பிடுறது எனக்கே கேக்குற மாதிரி இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை காலையில எல்லையம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போனேன். சன்னதியில நாங்க மட்டும்தான். "தாயே, என் காதை எடுத்துக்கோ, என் புள்ளைக்குக் கேக்க வச்சிடு"ன்னு வாய் விட்டு அழுதேன்.

முதுகுக்குப் பின்னால முந்தானையைப் புடிச்சுக்கினு நின்ன புள்ள சொல்றா: "உன் காதை எதுக்கும்மா எடுக்கணும்? எனக்குத்தான் கேக்குதே."

"அப்போ கூப்பிட்டா ஏண்டி திரும்ப மாட்டேங்கிற?"

"நீதானே சத்தியம் வாங்கின."

அங்கேயே உக்காந்துட்டேன். ஆபரேஷன் பண்ண காதுக்குள்ள யாரோ கூப்பிடுற மாதிரி சத்தம் வர்றது உண்டு, ஆறினா போயிடும்னு டாக்டர் பிறகு சொன்னாரு. புள்ளைக்குப் போயிடுச்சு. எனக்குத்தான் போவலை. கம்பெனி லைன்ல மெஷின் நின்னா, இன்னமும் என் காது ஏரிப் பக்கம் போவுது. பூஜாவை நான் இப்பல்லாம் பின்னாலேர்ந்து கூப்பிடுறதே இல்லை. எதிர்ல போய் நின்னுதான் பேசுறேன்.

"முன்னமே கேட்டுக்கினு இருந்த காதுதானே, அம்மன் இன்னாடி பண்ணா?"ன்னு வூட்டுக்காரர் சிரிக்கிறாரு. சிரிக்கட்டும். எவ்ளோ தாங்காத கஷ்டம் வந்தாலும் நீங்க அவகிட்ட வாய் விட்டுக் கேளுங்க. நான் மனசுக்குள்ளயே வேண்டிக்கினு வந்திருந்தா, என் புள்ள காதுல அது விழுந்தே இருக்காது.