அப்பாவுக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஒரே பொடி

உங்களுக்கு ஃபேன் காத்து பட்டு கால் வலிச்சிருக்கா? இடிச்சு இல்ல, மிதிச்சு இல்ல, வெறும் காத்து. எங்கப்பாவுக்கு வலிச்சுச்சு. போன வருஷம் சித்திரை மாசம், நாமக்கல் பக்கம் எங்க பண்ணை ஊட்டுல. முந்துன நாள்தான் கோயில்ல கெடா வெட்டு. ஈரல், குடல், ரத்தப் பொரியல், தலைக்கறின்னு அப்பா ஒண்ணையும் விடல. அதுக்கு மேல பீர் வேற. விடியக்காலைல பாத்தா கட்டில்ல ஒக்காந்து வலது கால கைல ஏந்தி வெச்சுக்கிட்டு, "ஃபேன நிறுத்து சாமி, காத்து பட்டா உயிர் போவுது"ங்குறாரு.

நான் சிரிச்சுட்டேன். சத்தியமா. அப்பறம் கட்டவிரலப் பாத்தேன். பழுத்த தக்காளி மாதிரி செவந்து மினுமினுன்னு வீங்கி இருந்துச்சு. சிரிப்பு நின்னு போச்சு.

எங்களுது முட்டைக்கோழிப் பண்ணை. நான் எம்.பி.ஏ முடிச்சுட்டு அங்கதான் ஆர்டர், தீவனம், லோடு எல்லாம் பாக்குறேன். ஆனா பண்ணை நடக்குறது என் லேப்டாப்புல இல்ல, அப்பாவோட காலுல. காலைலயும் சாயங்காலமும் ஒவ்வொரு ஷெட்டா நடந்து, கோழி கத்துற சத்தத்த வெச்சே எது சரியில்லன்னு சொல்லிருவாரு. அந்த மனுசன் பாத்ரூம் போறதுக்கு என் தோளப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நொண்டுனா எப்புடி இருக்கும்? அம்மா தேள் கடின்னுச்சு. அப்பா கம்பி குத்திருச்சுன்னாரு. நான் கார எடுத்தேன்.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா பாத்த ஒடனே சொல்லிட்டாங்க. ஒடம்புல யூரிக் ஆசிட்னு ஒரு கழிவு இருக்காம். கிட்னிதான் அத வெளிய தள்ளணும். தள்ள முடியாம மிச்சமானா அது ஊசி ஊசியா படிஞ்சு மூட்டுக்குள்ள குத்துமாம். பேரு கவுட். மாத்திரை எழுதுனாங்க. நெறைய தண்ணி குடிக்கணும், ஐஸ் ஒத்தடம் வெக்கணும், ஈரல் குடலும் பீரும் ஆகாது, கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னாங்க.

"முட்டைங்க?"ன்னாரு அப்பா.

"முட்டை தாராளமா சாப்புடுங்க."

கார்ல ஏறுனதும் ஆரம்பிச்சுட்டாரு. "முட்டை திங்கலாமாம், ஈரல் திங்கக் கூடாதாம். தலகீழா சொல்லுது அந்தம்மா. நம்மகிட்ட முட்டை இருக்குன்னு தெரிஞ்சு சொல்லுது."

அன்னைலருந்து முட்டைய நிறுத்திட்டாரு. ஊட்டச் சுத்தி எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டை. அதுல ஒண்ணக் கூட தொடல. ஈரல விடல.

நான் ரீல்ஸ் பாத்து இயற்கை வைத்தியத்துல எறங்குனேன். பாதிப் பேரு செர்ரிப் பழம் சாப்புடச் சொல்றான். நாமக்கல்ல செர்ரின்னா கேக்கு மேல ஒட்டி வெக்கிறதுதான். அம்மா முடக்கத்தான் தோசை சுட்டுச்சு, நல்லாருந்துச்சு, நானும் நாலு சாப்புட்டேன், ஆனா விரல் அப்புடியேதான் இருந்துச்சு. கடைசில கேட்டது டாக்டரம்மா சொன்ன ஐஸுதான். கோழிக்குத் தடுப்பூசி வெச்சிருக்குற பெட்டில ஐஸ் பேக் இருக்கும்ல, அத துணில சுத்தி விரல் மேல வெச்சோம். அப்பா கண்ண மூடிட்டு, "யப்பா... சாமி..."ன்னாரு. மாத்திரையும் வேல செஞ்சுச்சு. கால் சரியாச்சு. சரியான ஒடனே மாத்திரை டிராயருக்குள்ள போயிருச்சு. ரத்தம் டெஸ்ட்டுக்குப் போகவே இல்ல.

ஆடிப்பெருக்குக்கு ஜேடர்பாளையம் போனோம். அணைக்குப் பக்கத்துல ஆத்து மீன சுடச்சுட வறுத்துக் குடுப்பாங்க. தட்டு தட்டா போச்சு. கார் டிக்கில பீரும் இருந்துச்சு. ரெண்டாவது நாள் அதே கட்டவிரல், அதே கட்டில், அதே "ஃபேன நிறுத்து".

அன்னைக்குத்தான் எங்க மாமா வந்தாரு. அம்மாவோட அண்ணன். சங்ககிரில லாரி வெச்சிருக்காரு. செம கெத்தான ஆளு, சொந்தக்காரங்க கல்யாணத்துல மொத ஆளா ஆடுறவரு. வந்தவரு அப்பா காலப் பாத்து, "என்ன மாப்ள, மருதாணி வெச்சிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு, பையிலருந்து ஒரு வெள்ள டப்பாவ எடுத்தாரு. மேல பேரு இல்ல, ஸ்டிக்கர் இல்ல, ஒண்ணும் இல்ல.

"ஹைவேஸ்ல ஒருத்தர் குடுக்குறாரு. லாரி ஓட்டுற பசங்க பூரா இதுதான் குடிக்கிறாங்க. எனக்கு முட்டி வலின்னு ரெண்டு வருஷமா குடிக்கிறேன், என்னப் பாருங்க. சுத்தமான மூலிகை. இங்கிலீஷ் மருந்தே கெடையாது."

சுடுதண்ணில ஒரு ஸ்பூன். காலைல குடிச்சாரு. சாயங்காலம் நான் போன் பேசிட்டு வெளிய வாரேன், அப்பா செருப்புப் போட்டுட்டு ஷெட்டுப் பக்கம் நடந்து போறாரு. நொண்டாம. இயற்கைன்னா இதுடான்னு ஸ்டேட்டஸ் போட்டேன் நான்.

அதுக்கப்பறம் தெனமும் பொடிதான். பொடி இருக்குற தெம்புல கறியும் மீனும் வழக்கம் போல. அப்பா மூஞ்சி நல்லா உருண்டையாச்சு. பாக்குறவங்க எல்லாம் "என்னங்க, ஆளே பளபளன்னு ஆயிட்டீங்க"ன்னாங்க. சாயங்காலமானா செருப்பு இறுக்குதுன்னு பெரிய சைஸு வாங்குனாரு. அம்மாவுக்கு ஒரே பெருமை, அண்ணன் குடுத்த மருந்தாச்சே. ஐப்பசில அந்த மூஞ்சியோட எடுத்த போட்டோவ அம்மா பிரேம் போட்டு மாட்டிருச்சு.

எங்க பக்கம் பண்ணைக்காரங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. தனக்குக் கேட்டது கோழிக்கும் கேக்கும்னு நெனப்பாங்க. வெயிலுக்கு நாம மோர் குடிச்சா கோழிக்கும் மோர். நமக்குச் சளின்னா துளசி கொதிக்க வெச்சு, மிச்சத்தக் கோழித் தண்ணில ஊத்திருவாங்க. அப்பா ரிவர்ஸ்லயும் போவாரு. கோழிக்கு வந்த சத்து டானிக்க மோந்து பாத்து ஒரு மூடி குடிச்சுக்குவாரு.

கார்த்திகைல புதுசா குஞ்சு எறக்குனோம். அதுல கொஞ்சம் குஞ்சு காலு வீக்கா, நிக்க முடியாம உக்காந்து உக்காந்து எந்திரிச்சுதுங்க. அப்பா அதுகள மட்டும் பொறுக்கி, ஷெட்டு மூலைல வட்டமா தகடு வெச்சு அதுக்குள்ள தனியா விட்டாரு. "பாவம், இதுகளுக்கும் நம்ம கால் மாதிரியே"ன்னு சொல்லிக்கிட்டே, அந்தத் தகட்டுக்குள்ள இருந்த தண்ணி டப்பால மட்டும் பொடியக் கலக்குனாரு. நான் பக்கத்துல நின்னு வீடியோ எடுத்தேன். பாசக்கார அப்பான்னு போடலாம்னு.

ரெண்டு நாள்ல தகட்டுக்குள்ள இருந்த குஞ்சு பூரா செத்துப்போச்சு. பூரா. தகட்டுக்கு வெளிய இருந்ததுங்க எல்லாம் ஓடிப் புடிச்சு வெளையாடிட்டு இருக்குதுங்க. அதே தீவனம், அதே போர் தண்ணி. ஏதோ நோய் உள்ள வந்துருச்சு, மொத்த ஷெட்டும் போகப்போவுதுன்னு பயந்து கோழி டாக்டர வரச் சொன்னோம்.

அவரு ஷெட்டு வாசல்ல ஒரு சாக்க விரிச்சு, செத்த குஞ்சுல ஒண்ண எடுத்து அறுத்தாரு. நான் இதெல்லாம் சின்ன வயசுலருந்து பாக்குறேன், கொமட்டாது எனக்கு. ஆனா அன்னைக்குப் பாத்தத மறக்கவே முடியல. நெஞ்சத் தொறந்தா உள்ள வெள்ளையா இருக்கு. இதயம் மேல, ஈரல் மேல, சுண்ணாம்பக் கொழச்சு பூசுன மாதிரி. நகத்தால சொரண்டுனா மாவு மாதிரி வருது. அடுத்தத அறுத்தாரு. அதுவும் அப்புடியே. அதுக்கடுத்ததும்.

"கவுட்டுங்க"ன்னாரு.

அப்பா குனிஞ்சு பாத்துட்டு இருந்தவரு நிமுந்தாரு. "கவுட்டுன்னா... கட்டவிரல்ல வருமே, அதுங்களா?"

"அதே யூரிக் ஆசிட்தானுங்க. கோழிக்குக் கிட்னி நின்னு போச்சுன்னா வெளிய போக வழியில்லாம இப்புடி உள்ளயே பூத்துரும். தண்ணில என்ன குடுத்தீங்க?"

அப்பா ஊட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. அம்மாதான் ஊட்டுக்குள்ள போயி டப்பாவக் கொண்டு வந்து குடுத்துச்சு. டாக்டர் மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு, உள்ளங்கைல கொட்டி விரலால தேச்சாரு.

"மூலிகைன்னு சொல்லித்தான் விப்பானுங்க. வலி மாத்திரைய இடிச்சுக் கலந்திருப்பானுங்கன்னு எனக்குத் தோணுது. அதுல சிலது கோழி கிட்னிக்கு வெஷம். லேப்புல குடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். இத எந்த பேட்ச் கோழிக்குங்க வாங்குனீங்க?"

"கோழிக்கு வாங்கலீங்க"ன்னுச்சு அம்மா. "இவருதான் குடிக்கிறாரு. தெனமும்."

டாக்டர் அப்பாவப் பாத்தாரு. அந்த உருண்டை மூஞ்சிய, வீங்குன காலு ரெண்டையும், பெரிய சைஸு செருப்ப. அப்பறம் கைல இருந்த குஞ்சக் கீழ வெச்சுட்டு மெதுவா கையக் கழுவுனாரு. "குஞ்ச நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. டப்பாவயும் எடுத்துட்டுப் போங்க."

நான் கார எடுத்தேன். அப்பா பின்னாடி சீட்டுல ஒக்காந்து நெஞ்சு மேல கைய வெச்சிருந்தாரு. வலியான்னு கேட்டேன். "இல்ல சாமி. எனக்கும் உள்ள வெள்ளையா இருக்குமா?"ன்னாரு. நான் இன்னும் வேகமா ஓட்டுனேன். மனுசனுக்கு அப்புடி ஆகாதுன்னு பின்னாடி டாக்டரம்மா சொன்னாங்க, ஆனா அந்த ரோட்டுல எனக்கு அது தெரியாதே.

ரிசல்ட் வந்துச்சு. கிட்னி பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. சுகர் இல்லாத மனுசனுக்கு சுகர். பிரஷர். அந்தப் பளபள மூஞ்சி, தெம்பெல்லாம் இல்ல, வீக்கம். பொடில வலி மாத்திரையோட ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம்னாங்க டாக்டரம்மா. பின்னாடி லேப்புல ரெண்டுமே இருக்குன்னு வந்துச்சு. நான் ஷாக்குல, "இன்னைக்கே தூக்கிக் கடாசிர்றோம் மேடம்"னேன். அதுக்கும் திட்டு வாங்குனேன். இவ்ளோ நாள் ஸ்டீராய்டு போன ஒடம்புல சட்டுனு நிறுத்துனா அதுவே ஆபத்தாம். அவங்களே மாத்திரை குடுத்து கொஞ்சங் கொஞ்சமா கொறச்சாங்க.

"எப்புடித் தெரிஞ்சுச்சு? பொதுவா ரொம்ப முத்துனதுக்கு அப்பறம்தான் வருவாங்க"ன்னு கேட்டாங்க. போன்ல இருந்த, அறுத்த குஞ்சு போட்டோவக் காட்டுனேன். போன வாங்கிப் பெருசாக்கிப் பாத்தாங்க.

அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நான் நடப்பனுங்களா?"

"சொன்னபடி கேட்டா நடப்பீங்க."

கேட்டாரு. இந்த மனுசனா இதுன்னு இருந்துச்சு. தனக்குன்னு சொன்னா ஏறாது, கோழில பாத்தாத்தான் மண்டைல ஏறுது அவருக்கு. யூரிக் ஆசிட் கொறையுறதுக்குன்னு டாக்டரம்மா குடுத்த மாத்திரை தெனமும். கிட்னிக்குத் தக்கன அவங்க சொன்ன அளவு தண்ணி, பாட்டில்லயே எடுத்துட்டு ஷெட்டுக்குப் போறாரு. ஈரல், குடல், பீர் கட். லேசா விரல் சுருக்குன்னா தடுப்பூசிப் பெட்டி ஐஸ் பேக், கூடவே டாக்டரம்மாவுக்குப் போன். முட்டை மட்டும் திரும்பி வந்துருச்சு. மொத நாள் அவிச்ச முட்டைய உரிச்சு வெச்சுக்கிட்டு, "அந்தம்மா அப்பவே சொல்லுச்சு"ன்னாரு. அம்மா, பிரஷருக்கு ஆகாதுன்னு பக்கத்துல இருந்த உப்பு டப்பாவத் தள்ளி வெச்சுட்டு உள்ள போயிருச்சு.

அம்மாவுக்கு அண்ணன் நெனப்பு. அன்னைக்கு ஆஸ்பத்திரிலருந்தே போன் போட்டுச்சு. "நான் என்ன உங்க ஊட்டுக் கோழியா?"ன்னு மாமா சிரிச்சாரு. நாங்க சங்ககிரிக்கே போனோம். ரிப்போர்ட்டு, போட்டோ, எல்லாம் காட்டுனோம். "ரெண்டு வருஷமாக் குடிக்கிறேன் கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகல பாரு"ன்னு என் முன்னாடியே உக்காந்து எந்திரிச்சுக் காட்டுனாரு. ரத்தம் மட்டும் குடுத்துப் பாருங்க அண்ணான்னு அம்மா கெஞ்சுச்சு. அடுத்த வாரம் பாக்கலாம்னாரு. அப்பா அவரு கையப் புடிச்சு, "மச்சா, அறுத்தத நான் கண்ணால பாத்தேன் மச்சா"ன்னாரு. மாமா கைய எடுத்துக்கிட்டு டீ சொன்னாரு.

இயற்கைன்னு யாராவது சொன்னா இப்ப எனக்கு அந்த வெள்ளைதான் கண்ணுக்குள்ள வருது. மூலிகையே பொய்னு நான் சொல்லல, முடக்கத்தான் தோசை இன்னைக்கும் எங்க ஊட்டுல உண்டு. பேரில்லாத டப்பால வந்து ஒரே நாள்ல எந்திரிச்சு நடக்க வெக்கிற எதையும் நான் இனி நம்ப மாட்டேன், அவ்ளோதான்.

மாமா பங்குனில மயங்கி விழுந்தாரு, கிட்னி ரெண்டும் நின்னு போச்சு. பொடியால மட்டும்தான்னு சொல்ல முடியாது, பிரஷரும் இருந்திருக்குன்னு அங்க டாக்டருங்க சொன்னாங்க. இன்னைக்குச் செவ்வாக்கிழமை, மாமா ஆஸ்பத்திரி போற நாள். சேலத்துல டயாலிசிஸ் முடிஞ்சு மாமாவக் கூட்டிட்டு வர கார ஓட்டிட்டுப் போயிருக்குறது எங்கப்பாதான்.