குவாரி திருப்பத்தில் அடித்த பெல்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்தால் அது உங்கள் இஷ்டம். நான் பதினெட்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன். பெயர் எல்லப்பன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள். போன மார்கழியில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த ரூட்டை ஓட்டிய ஆஞ்சப்பன் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“குவாரி திருப்பத்துல பெல் அடிச்சா நிறுத்தாத எல்லப்பா.”

“அங்க ஸ்டாப்பே இல்லியேண்ணா?”

“அதான் சொல்றேன்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெல் பட்டன் சாயங்காலம் வீடு திரும்பும்போதுதான் உதவும். காலையில் எல்லோரும் இறங்குவது கம்பெனி கேட்டில்.

முதல் நாள். 4.50க்கு முதல் ஸ்டாப். அங்கே ஏறுவது சரசம்மா ஒருவர்தான். அசெம்பிளி லைனில் வேலை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்தார். அடுத்த ஸ்டாப் தோழிக்கு இப்படி இடம் போடுவது எல்லா கம்பெனி பஸ்ஸிலும் உண்டு. ஆனால் வண்டி நிறைந்து இரண்டு பேர் நின்ற பிறகும் பை அங்கேயே இருந்தது.

“பையை எடும்மா, நிக்கிறாங்க இல்ல?”

“ஆள் வரும்ணா.”

முன் சீட்டுப் பெண் என் பக்கம் குனிந்தாள். “வாணாம்ணா, உட்டுருங்க. அது அவங்க பொண்ணு சீட்டு.”

மகள் பிரியதர்ஷினி. பிளஸ் டூ. ஆறு மணி டியூஷனுக்கு டவுன் பஸ் இல்லாததால் அம்மாவோடு இதே பஸ்ஸில் வருவாளாம். பிறகு, ஐடி கார்டு இல்லாதவர்களை ஏற்றினால் டிரைவருக்கு வேலை போகும் என்று ஆர்டர் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் சரசம்மாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். எப்படியாவது ஏற்றிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் பெண் தனியாக ஸ்டாப்புக்குப் போயிருக்கிறாள். அதோடு காணோம். அன்று ஸ்டாப்பில் யாருமே நிற்கவில்லை என்று ஆஞ்சப்பன் போலீசில் சொன்னார். ஊரைச் சுற்றிக் கிணறு, ஏரி எல்லாம் தேடினார்கள். அதன் பிறகு சரசம்மா ஷிஃப்ட் மாறவே இல்லை. மகள் நின்ற நேரத்தில், மகள் நின்ற இடத்தில் தினமும் நிற்கிறார்.

கேட்டதும் மனசு கனத்துப் போனது. பையைப் பற்றி அப்புறம் நான் பேசவில்லை.

இரண்டாம் நாள். நல்ல பனி. 5.04. தண்ணீர் தேங்கிக் கிடக்கிற பழைய கல்குவாரியை ஒட்டிய திருப்பம். வண்டியில் சரசம்மா மட்டும்.

டிங்.

கண்ணாடியில் பார்த்தேன். சரசம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மடியில். வயர் கோளாறு என்று நினைத்து நிறுத்தாமல் போனேன். அன்றே மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னேன். வயர் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள். 5.04. டிங்.

இந்த முறை கண்ணாடியில் வேறொன்று தெரிந்தது. சீட்டில் இருந்த பை, தூங்குகிற சரசம்மாவின் மடியில் இருந்தது. பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் எடுத்து வைத்துக்கொள்வோமே... அப்படி.

நான்காம் நாள். நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

5.04.

டிங்.

பதினெட்டு வருஷப் பழக்கம். கால் தானாக பிரேக்கில் போனது. கை கதவு சுவிட்சைத் தட்டியது.

கதவு திறந்தது.

டக்... டக்... டக்...

மூன்று படி. யாரோ இறங்கினார்கள்.

யாரும் இல்லை.

வெளியே பனி மட்டும்.

“யாருண்ணா எறங்குனது?”

சரசம்மா விழித்திருந்தார்.

“யாருமில்லம்மா.”

அவர் பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடா இருக்குதுண்ணா...”

அப்படியே எழுந்து “தர்ஷினி!” என்று கதவுக்கு ஓடினார். நான் குறுக்கே விழுந்து பிடித்தேன். கதவை மூடி வண்டியை எடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஆஞ்சப்பன் வீட்டுக்கே போனேன். நடந்ததைச் சொன்னதும் உடைந்து அழுதார்.

“அன்னிக்கி அந்தப் பொண்ணு என் வண்டிலதான் வந்துச்சி எல்லப்பா. குவாரிகிட்ட எறங்கிடுச்சி. ஐடி இல்லாத புள்ளய ஏத்துனது தெரிஞ்சா வேலை பூடும்னு... மறைச்சிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அடித்திருப்பேன். இரண்டு வருஷம் தப்பான இடத்தில் தேட வைத்த பாவி. கையோடு ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். குவாரித் தண்ணீரை நான்கு நாட்கள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கேஸ் இன்னும் அப்படியே இருக்கிறது.

தேடலை நிறுத்திய அன்று ஆஞ்சப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போலீசுல ஒண்ணு சொல்லல. சொன்னா நம்ப மாட்டாங்க. அன்னிக்கி வண்டில நானும் அந்தப் பொண்ணும்தான். பெல் அடிச்சதும் கண்ணாடில பாத்தேன். அது தூங்கினு இருந்துச்சி எல்லப்பா. பெல் சத்தம் கேட்டுத்தான் முழிச்சிச்சி. பனியில எடம் தெரியாம, டியூஷன் ஸ்டாப் வந்துடுச்சின்னு எறங்கிடுச்சி...”

இதை நான் சரசம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இன்று காலை கம்பெனி கேட்டில் இறங்கும்போது அவர் என்னிடம் கேட்டார்.

“நாளைக்கு பெல் அடிச்சா நிறுத்துங்கண்ணா. நானும் எறங்கிக்கிறேன்.”